பின்கட்டு அறை

சித்தூரில் எங்கள் சிற்றன்னையைப் 'பேய் பிடித்தவள்' என்று பின்கட்டு அறையில் அடைத்து வைத்திருந்தனர். மந்திரித்த கயிறுகள் கையில் ஏறின, துயரம் இறங்கவில்லை.

1966-ஆம் ஆண்டு பள்ளியிறுதித் தேர்வில் தேறி, ஓராண்டுப் புகுமுக வகுப்பிற்காகத் திருப்பதி சென்றேன். தமிழில் பயின்ற எனக்கு ஆங்கிலப் பாடங்கள் மலையேற்றமாகவே இருந்தன. எனினும் அவ்வோராண்டே எனக்கு அடித்தளமாயிற்று. பின்னர், 1954-இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றேன். அது பேயன்று, பிணி என்று தெளிந்து ஊர் திரும்பியபோது, சிற்றன்னை உயிரோடு இல்லை.

இன்று என் பேத்தி மருத்துவ உளவியல் பயில விழைகிறாள். "பட்டம் மட்டும் போதாதம்மா, இந்திய மறுவாழ்வு மன்றம் ஏற்ற பயிற்சியும் பதிவும் வேண்டும்" என்றேன். "தமிழும் வேண்டும் தாத்தா, நம்மவர் அழுவது தமிழில்தானே?" என்றாள்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பின்கட்டு அறை திறந்திருக்கிறதா?