அவனியாபுரத்து வாடிவாசலும் அயல்நாட்டு அரங்கமும்

வான்வழியே மதுரைக்கு வந்து செல்லும் வாசகர்கள், விமான நிலையத்திலிருந்து நகருக்குள் நுழையும் வழியில் அவனியாபுரத்தைக் கடந்திருப்பீர்கள். தனி நகராட்சியாக இருந்து 2011இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஊர் இது. வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் நம் சகோதரர்கள் பலருக்கு, பெட்டிகளோடு வாடகைக் காரில் அமர்ந்தவாறே காணும் முதல் மதுரைத் தெரு இவ்வூர்த் தெருவே.

தை முதல் நாளன்று இவ்வூர் வேறு முகம் கொள்கிறது. பாலமேட்டில் மறுநாள், அலங்காநல்லூரில் அதற்கும் மறுநாள். பொங்கலன்று முந்தி வாடிவாசல் திறப்பது அவனியாபுரத்தில்தான். ஆண்டெல்லாம் தீனி போட்டு, நீச்சல் பழக்கி வளர்த்த காளை அந்தக் குறுகிய வாயிலைத் தாண்டி வெளியே பாயும். திமிலை விடாது பற்றியவர் வென்றவராவார். பிடிபடாது போனால் காளை வென்றதாகும். எல்லாம் சில நொடிகளே. வாயில்லாச் சீவனை இப்படி வருத்தலாமா என்ற கேள்வி நம் வீடுகளில் எழுவதுண்டு, எழவும் வேண்டும். அவ்விவாதத்தை வேறோர் இதழுக்கு விட்டுவிட்டு, காளையை வளர்த்தவரின் முகத்தை மட்டும் உற்று நோக்குங்கள். மூக்கணாங்கயிறு அகன்ற பின் அவரால் ஆகக்கூடியது ஏதுமில்லை. தாம் வளர்த்ததை அந்நியர் கைகளுக்கு நடுவே அனுப்பிவிட்டு நிற்கிறார்.

அதே முகத்தைக் கணினி விளையாட்டு உருவாக்குவோரிடமும் காணலாம். அவர்களுக்கும் வாடிவாசல்கள் உண்டு. அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் மாஸ்கோன் மையம் என்னும் பெரும் அரங்கில் கூடும் விளையாட்டு உருவாக்குநர் மாநாடு அவற்றுள் பெயர் பெற்றது. 1988இல் ஒருவரது வீட்டு வரவேற்பறையில், முப்பதுக்கும் குறைவானோருடன் தொடங்கியது அது. இன்னும் வெளிவராத ஆட்டத்தின் ஒரு சிறு பகுதியை இத்தகைய அரங்குகளில் மேசைமீது வைப்பார்கள். முன்பின் அறியாத ஒருவர் வந்தமர்ந்து காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் ஆடுவார். உருவாக்கியவர் பின்னால் நின்று பார்ப்பார். ஆடுபவர் தடுமாறும் இடத்தில் "அதையல்ல, இதைத் தொடுங்கள்" என்று சொல்ல நா துடிக்கும், சொல்லலாகாது. ஆட்டம் விலைக்கு வந்தபின் ஒவ்வொரு வீட்டிலும் போய்ச் சொல்ல முடியாதன்றோ! தடுமாறிய இடத்தைக் குறித்துக்கொண்டு திருத்துவதே அவர் பணி.

அம்மாநாட்டில் தனியார் முயற்சியால் உருவான சிறு ஆட்டங்களுக்கென ஒரு பெரும்பரிசு உண்டு. சியூமஸ் மெக்நாலி என்ற கனடா இளைஞரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. குடும்பத்தாரோடு சேர்ந்து ஆட்டங்களை உருவாக்கிய அவர், 2000ஆம் ஆண்டு மார்ச்சில் அப்பரிசை வென்று, அதே மாதத்தில் நோயால் மறைந்தார். வயது 21. 2024 மார்ச்சில் அதே பரிசைப் பெற்ற ஆட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? வெண்பா!

டொரண்டோ நகரின் விசை கேம்ஸ் குழுவினர் உருவாக்கி 2023 ஜூலை 31இல் வெளியிட்ட ஆட்டம் இது. துப்பாக்கியில்லை, சூதில்லை, ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 1988இல் கனடாவில் வாழும் வெண்பா என்ற தமிழ்ப்பெண், தன் தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு இட்லியும் பிரியாணியும் சமைக்கிறாள். அழிந்த வரிகளை நாம் ஊகிக்க வேண்டும். இட்லியைக் கண்டறியாத வெள்ளையருக்கும் அது விளங்க வேண்டுமே! பின்னர் மகன் கவின் அந்த ஏட்டைக் கையில் எடுக்கும்போதுதான் நெஞ்சு கனக்கிறது. அவனுக்குத் தமிழ் சரிவர வாசிக்க வரவில்லை.

இக்கவினை நாம் அறிவோம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற பெரியோர் அரபுத் தமிழில் எழுதிக் குவித்தார்கள். நம் முன்னோர் வீட்டுப் பெண்மணிகள் அதை ஓதி வளர்ந்தார்கள். நன்னி ஓதிய கிதாபு இன்றும் சில வீடுகளின் அலமாரியில் துணி சுற்றிக் கிடக்கிறது. பேரனுக்குத் தமிழ் தெரியும், குர்ஆன் ஓதவும் தெரியும், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அரபெழுத்தில் எழுதிய தமிழ் அவனுக்குப் பிடிபடுவதில்லை. தமிழ் ஒலிகளுக்கென்று அமைத்த புள்ளிகளை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மதுரைக் கல்லூரிகளில் கணினி பயிலும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் இப்படியோர் ஆட்டத்தை ஏன் உருவாக்கக் கூடாது? நோன்புக் கஞ்சி போதுமே. நன்னியின் குறிப்பு அரபுத் தமிழில் இருக்கட்டும். ஓரெழுத்து விளங்கினால் ஒரு பொருள் கிடைக்கட்டும். அரிசி எவ்வளவு, வெந்தயம் எப்போது, தேங்காய்ப்பால் எந்தப் பதத்தில் என்று முன்பின் அறியாத ஒருவர் அரங்கில் அமர்ந்து தேடட்டும். நம் பிள்ளை பின்னால் வாய்மூடி நிற்கட்டும். மஃரிபு பாங்குக்குள் கஞ்சி அடுப்பிலிருந்து இறங்கியாக வேண்டும்.