அது மேல ஒட்டுன தீட்டு எங்க போச்சு?

வெளிநாட்டில் வேலை பார்ப்பவன் தன் கிழட்டுப் பூனையைப் பற்றி எழுதினால், "வசதி வந்துடுச்சு, இனி இப்படித்தான் எழுதுவான்" என்று நம் தோழர்களே சொல்வார்கள். சொல்லட்டும். சாதியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி, விலங்குகளை வைத்துத் தெரிந்துகொண்டதுதான்.

எனக்கு ஊர் ஸ்ரீமுஷ்ணம் பக்கம். பூவராகசாமி கோயிலால் பேர் பெற்ற ஊர். சாமி அங்கே பன்றி அவதாரம். பன்றிக்குக் கருவறை வரைக்கும் இடம் உண்டு. பன்றி வளர்ப்பவர்களுக்கு ஊரில் என்ன இடம் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாசி மகத்துக்கு அந்தச் சாமி கிள்ளைக் கடற்கரைக்குப் போகும்போது அங்கிருக்கும் முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வார்கள். அதில் எனக்கும் பெருமைதான். ஆனால் எந்த ஊர்ச் சாமி புறப்பாடாக இருந்தாலும், எந்தத் தெருவுக்குள் நுழைகிறது, எந்த முனையோடு திரும்பிவிடுகிறது என்று பார்ப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு வழக்கம். காலனியில் பிறந்தவர்களுக்கு இது புரியும்.

அம்மா முந்திரிக்கொல்லைக்கும் கரும்பு வெட்டுக்கும் கூலிக்குப் போனவர். கூலி வாங்க ஊர்த்தெருவில் ஒரு வீட்டுத் திண்ணைக்குக் கீழே நிற்க வேண்டும். அந்த வீட்டுப் பூனை வந்து அவர் காலை உரசிவிட்டு, அப்படியே நேராக அடுப்படிக்குள் போகுமாம். "நம்ம காலத் தொட்ட பூனைதான் உள்ள போவுது. அது மேல ஒட்டுன தீட்டு எங்க போச்சு?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. 1931 ஆகஸ்ட் 14-ஆம் தேதி பம்பாயில் காந்தியைச் சந்தித்த பாபாசாகேப், நாயையும் பூனையையும் விடக் கேவலமாக எங்களை நடத்தும் நாட்டை எப்படி என் தாயகம் என்று சொல்வது என்று கேட்டார். கல்லூரியில் அதைப் படித்தபோது, இதை எங்கேயோ ஏற்கெனவே கேட்டிருக்கிறோமே என்றுதான் தோன்றியது.

விலங்குக்கும் சாதி ஒட்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மதுரை, தேனிப் பக்கம் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்த செய்திகள் வந்திருக்கின்றன. 'பரியேறும் பெருமாள்' படத்தில் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிப்போட்டதைப் பார்த்து, நாயைப் போய் ஏன் என்று கேட்டவர்கள் உண்டு. அது யாருடைய நாய் என்பதுதான் அங்கே விஷயம்.

நான் சிங்கப்பூர் வந்தது 2010-இல். அடுத்த வருடம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், கண் திறந்து சில நாளே ஆன மஞ்சள் குட்டி ஒன்று கிடைத்தது. மஞ்சக்குட்டி என்றே பெயர் ஆகிவிட்டது. அப்போது வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை. 1989 முதல் இருந்த தடை. சிறிய இன நாய் ஒன்று வளர்க்கலாம், பூனை கூடாது. அதற்குச் சொன்ன காரணங்களைக் கேளுங்கள்: வீட்டுக்குள் அடங்கி இருக்காது, முடி கொட்டும், பொது இடத்தை அசுத்தம் பண்ணும், சத்தம் போடும். இங்கே வாடகைக்கு அறை தேடி அலைந்த இந்தியர்கள் யாருக்கும் இந்தப் பட்டியல் புதிதாக இருக்காது. "இந்தியர்கள் வேண்டாம்" என்று வெளிப்படையாகவே விளம்பரம் போட்ட காலம் அது. சரி, நம் ஆள்தானே என்று ஒரு தமிழர் வீட்டுக்குப் போனேன். அவர் முதலில் கேட்டது சைவமா அசைவமா, அடுத்து, "ஸ்ரீமுஷ்ணத்துல எந்தத் தெரு?" அறை இல்லை என்று மறுநாள் செய்தி அனுப்பிவிட்டார்.

கடைசியில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் மஞ்சக்குட்டி 13 வருடம் திருட்டுத்தனமாக வாழ்ந்தாள். அழைப்பு மணி அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பூனை ஆர்வலர்கள் வருடக்கணக்கில் மனுக் கொடுத்தார்கள், பேசினார்கள். 2012-இல் சோங் பாங் வட்டாரத்தில் சோதனை முயற்சி ஒன்று நடந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் வீட்டுக்கு இரண்டு பூனை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாறியது. சிப் பொருத்தி, உரிமம் வாங்கி, சன்னலுக்கு வலை அடிக்க வேண்டும். செய்தோம். ஆனால் மணி அடித்தால் அவள் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் போகிறாள்.

இப்போது அவளுக்கு 14 வயது. வயதான பூனைகளுக்கு வழக்கமாக வரும் சிறுநீரக நோய். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தோலைத் தூக்கிப் பிடித்து ஊசி குத்தி 100 மி.லி. திரவம் ஏற்றுகிறேன். தோள்பட்டை ஓரத்தில் கொஞ்ச நேரம் ஒட்டகத் திமில் மாதிரி நிற்கும், பிறகு வடிந்துவிடும். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதால் விருத்தாசலத்தில் வாங்கி வந்த பீங்கான் கிண்ணங்களை அறைக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். "ஏன்டா, ரெட்டை டம்ளரை எதுத்துட்டு இங்க பூனைக்குத் தனிக் கிண்ணமா?" என்று அறை நண்பன் கிண்டல் செய்வான். நம் பாத்திரத்தோடு சேர்த்து ஒரே தொட்டியில்தான் கழுவுகிறேன் என்று பதில் சொல்வேன். கிண்டல்தான், இருந்தாலும் அந்தப் பதிலைச் சொல்லாமல் ஒரு முறையும் விட்டதில்லை.

வரும் மாதங்களில் என் வேலை அனுமதி முடிகிறது. ஊருக்குத் திரும்ப வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர்கள் இரண்டு செல்லப்பிராணி வரை கூட்டிக்கொண்டு போகலாம். ரேபிஸ் தடுப்பூசி, மருத்துவச் சான்று, தனிமைப்படுத்தும் நிலையத்தின் தடையின்மைச் சான்று, சென்னை விமான நிலையத்தில் பரிசோதனை. மஞ்சக்குட்டிக்கு ஒரு கோப்பு முழுக்க ஆவணம் சேர்ந்துவிட்டது. நாங்கள் இரண்டு தலைமுறையாகக் குடியிருக்கும் மனைக்கு இன்னும் பட்டா வரவில்லை.

இந்த வயதில், இந்தச் சிறுநீரகத்தோடு விமானப் பயணம் தாங்குமா என்பதற்கு டாக்டர் உறுதி சொல்லவில்லை. இங்கேயே யாரிடமாவது கொடுத்துவிடலாம். ஆனால் ஊசி போட அவள் வேறு யாரிடமும் நிற்பதில்லை. விட்டுவிட்டுப் போவது என்றால் அவளுக்கு என்ன, எனக்கு என்ன என்று இரவில் கணக்குப் போட்டுப் போட்டு, போன வாரம் முடிவு செய்தேன். டிக்கெட்டில் அவளையும் சேர்த்தாகிவிட்டது.

அம்மாவிடம் சொன்னேன். ஊசி, கிண்ணம், சான்றிதழ் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "அது என்னா தின்னும்?" என்றார். உப்பு ஆகாது, பருப்பு ஆகாது என்று விளக்கினேன். கிள்ளையிலிருந்து வரும் மீனை உப்புப் போடாமல் வேகவைத்து முள் எடுத்துத் தருகிறேன் என்றார். டாக்டரிடம் கேட்டேன். கொஞ்சமாகத் தரலாமாம்.