நாலு வருஷச் சீருடை



பிளஸ் டூ முடித்த பையனை வைத்திருக்கும் என் பழைய மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "சார், பையனை அக்னிவீருக்கு அனுப்பலாமா?" போனில் சொல்வதை எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் முதல் ஆண்டு மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் பிடித்தம் போக கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000, கைக்கு 28,000. நாலு வருஷத்தில் பிடிக்கும் பணம் 5.02 லட்சம். அரசும் அதே அளவு போடுகிறது. வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வரி இல்லாமல் வெளியே வரும்போது கிடைக்கும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சின்னத் தொகை இல்லை.

இனி, இல்லாதவை. அகவிலைப்படி கிடையாது. வழக்கமான சிப்பாய்க்கு உள்ள 5,200 ரூபாய் ராணுவ சேவைப் படி கிடையாது. பணிக்கொடை, பென்ஷன் கிடையாது. நூறு பேரில் 25 பேர் வரைதான் பணியில் தொடர முடியும். மற்றவர்கள் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் வீடு திரும்ப வேண்டும். பழைய முறையில் 15 ஆண்டு முடித்த சிப்பாய்க்கு ஆயுள் முழுக்கப் பென்ஷன் உண்டு.

அரசின் பக்கத்திலும் காரணம் இருக்கிறது. 2022-23 பாதுகாப்பு பட்ஜெட் 5.25 லட்சம் கோடி. அதில் பென்ஷனுக்கு மட்டும் 1.19 லட்சம் கோடி. படையின் சராசரி வயதை 32-லிருந்து 26-க்குக் குறைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆனால் 2004-ல் மத்திய அரசு ஊழியர்களுக்குப் பழைய பென்ஷனை நிறுத்தியபோதுகூட முப்படைகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். உயிரைப் பணயம் வைப்பவனுக்குப் பின்னாளில் ஒரு பிடிமானம் வேண்டும் என்பது அன்றைக்கு எல்லாருக்கும் புரிந்திருந்தது.

உறுதியில்லாத வேலை மனுஷனை என்ன செய்யும் என்பதை ஆசிரியர் அறையிலேயே பார்த்திருக்கிறேன். 2003-க்குப் பிறகு தொகுப்பூதியத்தில் இளம் ஆசிரியர்கள் வந்தார்கள். நான் நடத்திய அதே பாடம், அதே வகுப்பு, சம்பளம் மட்டும் வேறு. மதிய இடைவேளையில் அவர்கள் கையில் போட்டித் தேர்வுப் புத்தகம் இருக்கும். நன்றாக நடத்திய இருவர் வேறு துறைக்கே போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நிற்கும் இடம் உறுதியில்லை என்றால் யாரும் அடுத்த இடத்தைத் தேடத்தான் செய்வார்கள். 2006-ல் பணி முறைப்படுத்தப்பட்ட பிறகுதான் மீதி இருந்தவர்கள் முகத்தில் தெளிவு வந்தது.

வகுப்பறைக்கே இப்படி என்றால் எல்லைக்கு? பக்கத்தில் நிற்பவனை நம்பித்தான் சிப்பாய் இரவில் கண் அயர்கிறான். நாலாவது வருஷம் யார் தங்குவது, யார் போவது என்ற போட்டி அவர்களுக்குள் வந்தால் அந்த நம்பிக்கை என்னாகும்? 1947 முத்தரப்பு ஒப்பந்தப்படி கூர்க்கா இளைஞர்களை அனுப்பிவந்த நேபாளம், இந்தத் திட்டத்தை ஏற்காததால் அங்கே ஆள்சேர்ப்பு நின்றுபோனது. சம்பளத்தை விட, பிறகு என்ன ஆகும் என்ற கேள்விதான் பெரிது.

அதனால் போகவே கூடாது என்று சொல்லவில்லை. விருப்பம் உள்ளவன் போகட்டும். ஆனால் திரும்பி வருவோம் என்று எண்ணியே திட்டமிடட்டும். பணியில் இருக்கும்போதே இக்னோ வழியாகப் பட்டம் படிக்க வழி உண்டு. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 சதவீத ஒதுக்கீடு என்று 2022-ல் அறிவித்தார்கள். கைக்கு வரும் 11 லட்சத்தை அக்கா கல்யாணத்துக்கும் வீட்டுக் கடனுக்கும் பெற்றோர் முன்கூட்டியே கணக்குப் போடாதீர்கள். அது பிள்ளையின் அடுத்த நாற்பது வருஷத்துக்கான முதல்.

முதல் அணி பயிற்சிக்குப் போனது 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும். அந்தப் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது "ஏன் வந்துட்டே?" என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். அனுப்பியது நாடு, அவர்கள் ஓடிவரவில்லை.

ராணுவத்தில் இருக்கும், இருந்த என் மாணவர்கள் உங்கள் அனுபவத்தைக் கீழே எழுதுங்கள். நான் சொல்வதை விட நீங்கள் சொன்னால் இளையவர்கள் கேட்பார்கள்.

எல்லாரும் நலமாக இருங்கள்.