பழைய கம்ப்யூட்டருக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு



போன வாரம் ரிச்சி தெருவில் என்னைப் பார்த்ததாக மூன்று பேர் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டீர்கள். "சார், ரிட்டயர் ஆகி கேம் ஆட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கிண்டல் வேறு. தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்காது. மொத்தமாக இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவரின் பையன் கல்லூரியில் விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு. அனிமேஷனில் ஆசை. பிளெண்டர் என்ற மென்பொருள் முழுக்க இலவசம், ஆனால் அதை ஓட்ட நல்ல கம்ப்யூட்டர் வேண்டுமே! ஒரு வருஷமாக என் வீட்டு டெஸ்க்டாப்பில்தான் பழகுகிறான். 2014இல் அசெம்பிள் செய்தது, நாலாவது தலைமுறை ஐ5, எச்81 மதர்போர்டு. ஒரே ஒரு படத்தை ரெண்டர் செய்ய இருபத்திரண்டு நிமிஷம். ஐந்து வினாடி அசையும் படத்துக்கே நூற்றிருபது படம் வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! மார்ச்சில் புராஜெக்ட் கொடுக்க வேண்டும்.

கம்ப்யூட்டரை அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். கார்டும் நானே வாங்கிப் போடுகிறேன் என்றதற்கு அவன் அப்பா ஒப்பவில்லை. "சும்மா வேணாம் சார்" என்று நாலாயிரம் ரூபாயைக் கவரில் போட்டு நீட்டினார். அத்தனையும் துணி மடித்த காசு. அதனால்தான் இவ்வளவு யோசனை. அடையாறில் இருக்கும் என் அக்கா மகன் "அதைத் தூக்கிப் போட்டுட்டு லேப்டாப் வாங்குங்க மாமா" என்றான். அவன் சம்பளத்துக்கு அது சரி.

முதலில் மின்சாரக் கணக்கு. கிராபிக்ஸ் கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும்: 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர். அதற்குமேல் தின்னும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். எங்கள் எஸ்எம்பிஎஸ் மேல் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. பக்கத்து லேபிளில் பொடி எழுத்தைப் படித்தால் 12 வோல்ட்டில் 18 ஆம்பியர்தான். அதாவது 216 வாட். நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட அதே வோல்ட் பெருக்கல் ஆம்பியர்தான், பிள்ளைகளே! கார்டு 75, பிராசசர் 84, ஹார்ட் டிஸ்க், ஃபேன் எல்லாம் சேர்த்தால் இருநூறைத் தொடும். பத்து வருஷம் உழைத்த பெட்டியை நம்பி அவர்கள் காசில் வாங்கும் கார்டை மாட்ட மனசு வரவில்லை. புது எஸ்எம்பிஎஸ் ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரம், என் கணக்கில்.

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறி சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி நடந்தோம். மெட்ரோவில் வருபவர்களுக்கு அரசினர் தோட்டம் நிலையம் பக்கம்.

முதல் கடையில் ஜிடி 1030ஐ எடுத்து நீட்டினார்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே பெயரில் இரண்டு கார்டு. 2017இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரி, வினாடிக்கு 48 ஜிபி தரவு நகரும். அடுத்த வருஷம் வந்த டிடிஆர்4 வகையில் 16.8தான். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! பெட்டியில் இந்த ஒரு வார்த்தையைப் படிக்காமல் வாங்காதீர்கள். எப்படியும் 2 ஜிபி மெமரி அவன் வேலைக்குப் போதாது.

அடுத்து ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான், புதுசு. ஆனால் அது நாலே நாலு பாதையில்தான் மதர்போர்டோடு பேசும். புது மதர்போர்டில் பாதை வேகமானது, சமாளித்துவிடும். எங்கள் எச்81 பழைய இரண்டாம் தலைமுறை ஸ்லாட். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்குச் சாலையைச் சுருக்கிய கதைதான்.

மிஞ்சியது இரண்டு, செகண்ட் ஹேண்டில். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 2019இல் வந்த ஜிடிஎக்ஸ் 1650. இரண்டும் 75 வாட், 4 ஜிபி. முன்னது விலை குறைவு. பையனுக்கும் அப்பா காசை மிச்சம் பிடிக்க ஆசை. ஆனால் அந்தத் தலைமுறைக்கு என்விடியா வழக்கமான டிரைவர்களை 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும். இவன் படிப்பு முடிந்து வேலை தேடும்போது கார்டு கைவிடக் கூடாது. 1650 என்று முடிவு செய்தோம். அதிலும் சில மாடலுக்குத் தனி ஒயர் கேட்கும், பார்த்து எடுக்க வேண்டும்.

பழைய கார்டு என்றால் இரண்டு பயம். ஒன்று, கிரிப்டோ சுரங்கத்தில் இரவு பகலாக உழைத்தது. 2022 செப்டம்பரில் எதீரியம் முறை மாறியபின் அப்படிப்பட்டவை நிறைய சந்தைக்கு வந்தன. இன்னொன்று போலி: அரதப்பழசான கார்டின் உள்நிரலை மாற்றி 1050 டிஐ என்று காட்டுவது. ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் அதைக் கண்டுபிடித்து பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுவிடும். கடைக்காரரிடம் "ஓட்டிக் காட்டுங்க" என்றோம். முதல் கடைக்காரர் முகம் சுளித்தார், நகர்ந்துவிட்டோம். மீரான் சாகிப் தெருப் பக்கம் ஒரு பெரியவர் தாமே பெஞ்சில் மாட்டி இருபது நிமிஷம் ஓடவிட்டார். பையன் ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்த்துக்கொண்டே நின்றான். ஆறாயிரத்து எண்ணூறு, பில்லோடு, ஒரு மாத டெஸ்டிங் வாரண்டி. நாலாயிரம் அவன் எண்ணிக் கொடுத்தான், மீதி நான்.

இருபத்திரண்டு நிமிஷப் படம் இப்போது நாலு நிமிஷத்துக்குள் வருகிறது. புது கார்டில் விஜிஏ கிடையாது, பழைய மானிட்டருக்கு டிவிஐ கேபிள் தேடியது தனிக் கூத்து. கம்ப்யூட்டரை இஸ்திரி வண்டியிலேயே வைத்து அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு விண்ணப்பம். அந்த மதர்போர்டில் மெமரிக்கு இரண்டு இடம், ஒன்று காலி. யாரிடமாவது டெஸ்க்டாப்பிலிருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்3 பரணில் கிடந்தால் எனக்கு எழுதுங்கள். லேப்டாப் மெமரி வேண்டாம், பொருந்தாது. தி.நகர், மயிலை, அடையாறு எங்கிருந்தாலும் பையனே சைக்கிளில் வந்து வாங்கிக்கொள்வான்.