மங்கிய ஒளி கற்பித்த பாடம்

சென்ற ஆண்டு எங்கள் இரசாயன ஆய்வுசாலையில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்றை அன்பர்களுக்குக் கூற விழைகின்றேன்.

தாமிர அயனியுடன் பினாந்திரொலின், டிரைபினைல் பாஸ்பீன் என்னும் இரண்டையும் கூட்டி, மஞ்சள் நிறப் படிகங்கள் சிறிது பெற்றேன். விளக்கை அணைத்துப் புற ஊதாக் கதிரைச் செலுத்தவே, அவை மஞ்சளொளி வீசின. பெருமிதங்கொண்ட யான் தோழரை அழைத்து, படிகங்களை மெதனாலில் கரைத்துக் காட்டினேன். அந்தோ! ஒளி மங்கி மறைந்தது. தோழர் நகைத்தனர். 'கரைசலும் ஒளிர்ந்தது' என்று பதிவேட்டில் எழுதிவிடலாமா என்னும் எண்ணம் ஒரு கணம் தோன்றியதை மறைக்கமாட்டேன். ஆயினும் உண்மையையே எழுதி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் முனியவில்லை; "அவ்வொளி எங்கே சென்றது?" என்று மட்டும் வினவினார். அவ்வினாவிற்கு விடை தேடியே பல நாள் நூலகத்தில் அமர்ந்தேன்.

கைப்பேசித் திரைகள் பலவற்றில் இன்று ஒளிர்வது கரிம ஒளியுமிழ் டையோடு. ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தைச் சார்ந்த டாங், வான் ஸ்லைக் என்னும் இருவர், குறைந்த மின்னழுத்தத்தில் நன்கியங்கும் அத்தகைய டையோடை 1987-இல் வெளியிட்டனர். அதனுள் மின்னணுவும், மின்னணு நீங்கிய இடமாகிய துளையும் கூடுங்கால், நூற்றுக்கு 25 பங்கு ஒற்றை நிலையையும் 75 பங்கு மும்மை நிலையையும் அடைகின்றன. சாதாரணக் கரிமப் பொருளில் மும்மை நிலையின் ஆற்றல் பெரிதும் வெப்பமாய் வீணாகும். இரிடியச் சேர்மங்கள் அதனையும் ஒளியாக்க வல்லன. ஆனால் இரிடியம் புவியோட்டில் கிடைத்தற்கரியது. தாமிரமோ எளிதிற் கிடைப்பது. தாமிரச் சேர்மங்கள் பலவற்றில் அவ்விரு நிலைகளுக்கும் இடையேயுள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறிது. ஆதலின், அறையின் வெப்பமே மும்மை நிலையிலிருந்து ஒற்றை நிலைக்கு ஏற்றிவிடப் போதியதாகும். இவ்விரு நிலைகளும் ஒளிர்தலிற் பங்குகொள்வதற்கு மக்மில்லின் குழுவினர் 1983-இலேயே சான்று காட்டினர்.

அங்ஙனமாயின் எனது கரைசல் ஏன் ஒளிரவில்லை? கதிரை ஏற்ற கணத்தில், ஒற்றை மின்னேற்றமுடைய தாமிரம் இரட்டை மின்னேற்றம் பெற்றதுபோல் ஆகின்றது. உடனே அதன் நான்முகி வடிவம் தட்டையாக முற்படும். கரைப்பானின் மூலக்கூறும் நெருங்கி வந்து பற்றும். ஆற்றல் வெப்பமாய்க் கழியும். படிகத்திலோ, அண்டை மூலக்கூறுகள் நெருக்கி நின்று அவ்வசைவைத் தடுத்தன. இதனையறிந்த இரசாயன அறிஞர், பினாந்திரொலினின் நைட்ரஜன் அணுக்களுக்கருகே மீதைல் முதலிய குழுக்களை வேலிபோல் இணைப்பர். யானும் மீதைல் குழுக்கள் இரண்டுடைய பினாந்திரொலினைக்கொண்டு மீண்டும் முயன்றேன். இம்முறை கரைசலிலும் மெல்லிய ஒளி நிலைத்தது. நகைத்த தோழரே விளக்கை அணைத்து அதனைக் கண்டனர்.

தாமிர டையோடுகளின் ஆயுளை நீட்டும் முயற்சி இன்னும் நடைபெற்றுவருகின்றது. எனது சிறு குடுவை அதற்கு ஒன்றும் உதவவில்லை. எனினும், 'கரைசல் ஒளிரவில்லை' என்ற வரி எனது பதிவேட்டில் இன்றும் உளது. அதனை மாற்றி எழுதியிருப்பின், ஆசிரியர் வினவியிருக்கமாட்டார். யானும் இத்துணை கற்றிருக்கமாட்டேன்.