பார்சிப்பனியில் கேட்கும் சத்தங்கள்

நியூ ஜேர்சியில் 80ஆம், 287ஆம் இலக்க நெடுஞ்சாலைகள் சந்திக்கும் ஊர் பார்சிப்பனி. ஏரியும் மரநிழலுமாக அமைதியான இடம். ஆனாலும் பக்கத்து மொறிஸ்ரவுண் விமான நிலையத்திலிருந்து ஒரு ஹெலி எழும்பினால் நாங்கள் ஒதுங்க இடம் தேடுகிறோம். 46ஆம் வீதியோரம் பொலிஸ் கார் நின்றால் சோதனைச் சாவடி என்று நெஞ்சு அடிக்கிறது. 1776 சுதந்திரப் பிரகடனத்தைக் கொண்டாடி யூலை 4ஆந் திகதி இரவு வாணம் விடுகிறார்கள். 1983 யூலையைக் கண்ட எங்களுக்கு அது ஷெல்லடியாகவே கேட்கிறது.

ஊரில் முந்திக் கேட்ட காதுதான் எங்கள் உயிரைக் காத்தது. அந்தக் காதோடுதான் இங்கும் வந்திருக்கிறோம். அது ஆறக் காலம் எடுக்கும். வாணவேடிக்கை நாளைப் பிள்ளைகளுக்கும் அம்மம்மாவுக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்போம். என்ன சத்தமென்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். நித்திரை தொடர்ந்து கெட்டால் வைத்தியரிடம் சொல்வோம், அதில் வெட்கமில்லை.