நாமக்கல்லில் ஒரு கண்ணாடி அறை

சித்திரை வெயிலில் நாமக்கல் போயிருக்கிறீர்களா? கோட்டைப் பாறை தோசைக்கல்லாய்க் காயும். அந்த ஊரில் என் தமக்கை, கொல்லைப்புறத்தில் கண்ணாடி அறை கட்டப் போவதாகச் சொன்னாள். "கூரையும் கண்ணாடிதான்! உள்ளே ஆரஞ்சு மரம் வைப்பேன். கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத மாமியார் தோட்டத்தைப் பார்த்தபடியே படுத்திருப்பார்" என்றாள்.

நல்ல எண்ணந்தான். ஆனால் கேளுங்கள்: பிரான்ஸில் வெர்சேல்ஸ் அரண்மனைக்கு 1684-ல் ஆரஞ்சு மாளிகை கட்டத் தொடங்கியது, பனிக்காலத்தில் மரங்கள் பட்டுப்போகாமல் காப்பதற்காக. அங்கேகூடக் கூரை கல்தான். தெற்குச் சாளரங்களில்தான் கண்ணாடி. நமக்கோ சித்திரையிலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறான்!

மறுநாள் அவளைச் சேலம் வழியாக ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே, கண்ணாடியில்லாமலே ஆரஞ்சு மரங்கள் நின்றன. தமக்கை யோசித்தாள்.

மலை இறங்குவதற்குள் திட்டம் மாறிற்று. மேலே ஓடு, வெளிச்சத்துக்கு இரண்டே கண்ணாடி ஓடு. கிழக்கே கண்ணாடிக் கதவுகள், அவற்றின்மேல் அகலமான தாழ்வாரம்: காலை இளவெயில் தாழ நுழையும், உச்சி வெயில் வெளியே நின்றுவிடும். மேற்கே கனத்த சுவர். சூடான காற்று வெளியேறக் கூரையடியில் திறப்பு. தொட்டியில் எலுமிச்சை.

நீங்களும் கட்டுவதானால், உள்ளே இருக்கப் போகிறவரை முதலில் கேளுங்கள். நாங்கள் கடைசியில்தான் கேட்டோம். "காலம்பற வெயில் கால்ல பட்டாப் போதும், கண்ணு. ஆரஞ்சுப் பழந்தான் சந்தையிலே கிடைக்குதே!" என்றார் அந்த அம்மாள்.